சின்னக் கார்களின் பக்கம் நின்று சொல்கிறேன்

“வெளிநாட்டில் இருப்பவர்களிடம் காசு இருக்கிறது, பெரிய வாகனம் ஓடுகிறார்கள். எங்களிடம் இல்லை, அல்டோவோடு காலம் தள்ளுகிறோம்.” கொழும்பில் எந்த வீட்டு விறாந்தையில் போய் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறக்கப்பட்ட பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. கலியாண மண்டப வாசலில் காவலாளி பெரிய ஜீப்பை முன்வரிசைக்கு அனுப்பிவிட்டு வேகன் ஆரைப் பின்பக்க மண்தரைக்குக் கைகாட்டுவதும் இதே எண்ணத்தால்தான். சின்னக் கார் என்றால் வசதிக் குறைவின் அடையாளம் என்று நாங்களே தீர்மானித்துவிட்டோம். அது முழுக்கத் தவறு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களைவிடப் பன்மடங்கு செல்வமுள்ள நாடு. உலகத்துக்கே பெரிய வாகனங்கள் செய்து அனுப்புகிற நாடு. அங்கே ஆண்டுதோறும் விற்கும் புது வாகனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ‘கெய்’ என்கிற குட்டி வகை. எங்கள் தெருக்களில் ஓடும் ஜப்பானிய வேகன் ஆர் அந்த வகைதான். நீளம் 3.4 மீற்றருக்கும் அகலம் 1.48 மீற்றருக்கும் இயந்திரம் 660 சி.சி.க்கும் மிஞ்சக்கூடாது என்பது சட்டம். 1949 இல் தொடங்கிய இந்த வகுப்பு, 360 சி.சி., 550 சி.சி. என்று படிப்படியாக வளர்ந்து 1990 இல் 660க்கு வந்தது.

ஜப்பானியர் அடக்கமானவர்கள், ஆடம்பரம் விரும்பாதவர்கள் என்று காரணம் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம் அவர்களுடைய வரிப் பட்டியலில் இருக்கிறது. சொந்தப் பாவனைக்கான கெய் காருக்கு ஆண்டு வரி 10,800 யென். அதைவிட ஒரு படி பெரிய, 1000 சி.சி.க்கு உட்பட்ட சாதாரணப் புதுக் காருக்கு 25,000 யென். வாகனத் தரிப்பிட விதி இன்னும் கடுமையானது. 1962 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டிலிருந்து 2 கிலோமீற்றருக்குள் வாகனத்தை நிறுத்த உங்களுக்கென்று இடம் இருக்கிறது என்று பொலிஸில் சான்றிதழ் எடுத்தால்தான் சாதாரணக் காரைப் பதிய முடியும். கெய் காருக்குப் பல இடங்களில் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. அரசு இப்படிக் கணக்குப் போட்டுக் கொடுத்தால் மக்கள் எந்தக் காரை வாங்குவார்கள்?

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே விற்கும் புது வாகனங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஜீப், பிக்கப், வான் வகைகள். அகலமான வீதி, நீண்ட தூரம், மலிவான பெற்றோல் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பெற்றோல் மலிவு என்பது உண்மை. அங்கே மத்திய அரசின் பெற்றோல் வரி கலனுக்கு 18.4 சதம், 1993 இலிருந்து அதே தொகை. லீற்றருக்கு ஐந்து அமெரிக்கச் சதம்கூட வராது. மாநில வரி தனி. பிரித்தானியாவில் 2022 இல் வரியைக் குறைத்தபோதும்கூட லீற்றருக்கு 52.95 பென்ஸ் இருந்தது.

ஆனால் விலையை மட்டும் பார்த்தால் கதையின் பாதிதான் தெரியும். மீதிப் பாதியைச் சட்டம் எழுதியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975 இல் அமெரிக்கக் கொங்கிரஸ் எரிபொருள் சிக்கனச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நல்ல நோக்கம். ஆனால் கார்களுக்கு ஓர் அளவுகோல், ‘இலகு லொறி’ என்று வகைப்படுத்தியவற்றுக்கு அதைவிடத் தளர்ந்த அளவுகோல். விவசாயியும் கட்டடத் தொழிலாளியும் பாவிக்கும் வண்டி என்பதால் அந்தச் சலுகை. கார்க் கம்பனிகள் அந்த ஓட்டைக்குள் குடும்பக் கார்களையே கொண்டுபோய் நுழைத்தன. காரின் அடித்தளத்தில் கட்டிய பி.டி. குரூசர் என்ற குடும்ப வாகனம்கூடச் சட்டத்தின் பார்வையில் லொறி! பிறகு விதியைத் திருத்தியபோது இன்னொரு வாசல் திறந்தது. நான்கு சில்லுகளுக்கு நடுவே உள்ள பரப்பு கூடக் கூட, எட்டவேண்டிய சிக்கன இலக்கும் தளர்ந்தது. அதாவது காரைச் சுருக்கினால் இலக்கு இறுகும், பெருப்பித்தால் தளரும். இதற்கு மேல், 1964 இலிருந்து இறக்குமதி இலகு லொறிகளுக்கு 25 வீதத் தீர்வை இருப்பதால் பிக்கப் சந்தையில் உள்நாட்டுக் கம்பனிகளுக்கு வெளிப்போட்டியும் குறைவு. தொழிலுக்கென்று வாங்கும் வாகனத்தின் சுமையோடு சேர்த்த மொத்த எடை 6,000 இறாத்தலுக்கு மேல் போனால், சாதாரணக் காருக்குக் கிடைக்காத வரிக்கழிவும் கிடைக்கும்.

செலவுக் கணக்கும் சின்னக் காருக்கு எதிராகவே நிற்கிறது. காற்றுப்பை, பிரேக் மின்னணுக் கருவி, புகை வடிகட்டி எல்லாம் சின்னக் காருக்கும் பெரிய காருக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. பெரிய காரில் அதை விலையோடு சேர்த்துவிடலாம். சின்னக் காரில் இலாபமே அதில் கரைந்துவிடும். அதனால்தான் ஃபோர்ட் நிறுவனம் 2018 இல் வட அமெரிக்காவில் மஸ்டாங் தவிர மற்றச் சாதாரணக் கார்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 1976 இலிருந்து ஐரோப்பாவில் ஓடிய ஃபியஸ்டா 2023 இல் நின்றது. 2020க்குப் பிறகு ஹொண்டா ஃபிட் அமெரிக்கக் கடைகளில் இல்லை. இல்லாத காரை அமெரிக்கர் எப்படி வாங்குவார்கள்? பிறகு “மக்கள் விரும்புவதைத்தான் விற்கிறோம்” என்கிறார்கள்.

என் அத்தையின் பிள்ளைகள் மூவர். ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மூத்தவர் கனடாவின் ஸ்காபரோவில் ஏழு பேர் இருக்கக்கூடிய ஜீப் வைத்திருக்கிறார், பெரும்பாலான நாட்களில் அதில் போவது அவர் ஒருவர்தான். நடுவில் உள்ளவர் பாரிஸ் புறநகரில் ரெனோ குளியோ ஓடுகிறார். கடைசித் தங்கை வெள்ளவத்தையில் அல்டோ. மூவரையும் ஒரு மேசையில் இருத்திக் கேட்டால் மூவரும் தங்கள் தேவைக்கு ஏற்றதை வாங்கியதாகவே சொல்வார்கள். மூத்தவர் பனியைக் காரணம் காட்டுவார். ஆனால் ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் விழாத பனியா? அங்கே நான்கு சில்லும் இழுக்கிற கெய் கார்கள் குளிர்காலம் முழுக்க ஓடுகின்றன. மூத்தவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவருடைய ஊரின் விதிகள் அவருக்கு அந்த ஜீப்பை இலகுவாக்கிக் கொடுத்திருக்கின்றன.

சட்டம் எப்படிக் காரைச் செதுக்குகிறது என்பதற்கு இந்தியாவைவிட நல்ல சாட்சி இல்லை. 2006 வரவு செலவுத் திட்டத்தில், 4 மீற்றருக்குக் குறைந்த நீளமும் சிறிய இயந்திரமும் உள்ள கார்களுக்கு வரியை 24 வீதத்திலிருந்து 16 வீதமாகக் குறைத்தார்கள். அதன் பிறகு வந்த கார்களின் நீளத்தைப் பாருங்கள்: 3,995 மில்லிமீற்றர், 3,995 மில்லிமீற்றர். மாருதி டிசையரின் பின்பெட்டியை 2012 இல் வெட்டிக் குறுக்கி அதே 3,995க்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர் வாகனச் சந்தையில் அந்தக் குட்டை வாலைப் பார்க்கும்போதெல்லாம் டெல்லியில் யாரோ ஒரு நிதி அதிகாரி அளவுநாடா பிடித்து நிற்பது என் கண்ணில் தெரியும். சிங்கப்பூரில் நேரெதிர். அங்கே கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்கவேண்டும். ஒரே வகுப்புக்குள் சின்னதுக்கும் பெரியதுக்கும் ஒரே ஏலத்தொகை என்றால், அவ்வளவு கொட்டியவர் மிகச் சின்னதை ஏன் எடுக்கப்போகிறார்?

எங்கள் தீவிலும் இதே கதைதான். சி.சி. அளவைப் பார்த்து உற்பத்தி வரி போட்டதால்தான் அல்டோவும் விட்ஸும் வேகன் ஆரும் இங்கே பெருகின. அதே காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் தீர்வையற்ற, தீர்வை குறைந்த அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் உறுப்பினர்கள் எடுப்பித்தவை பெரும்பாலும் என்ன? லேண்ட் குரூசர், பிராடோ. அவர்களும் இதே ஒடுங்கிய வீதிகளில் போகிறவர்கள்தான். வரி விழாத இடத்தில் வாகனம் உடனே பெருத்துவிட்டது.

2022 ஐ இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமே என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2021 டிசம்பரில் 177 ரூபாய்க்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல் அடுத்த ஜூனில் 470 ரூபாய். கிலோமீற்றர் கணக்கில் வரிசை. பிறகு கியூ.ஆர். அட்டை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்தார்கள். அல்டோக்காரர் அந்த 20 லீற்றரில் வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் விட்டு, கிழமை முடிவில் மிச்சமும் வைத்திருந்தார். பெரிய ஜீப்காரர்கள் முச்சக்கரவண்டி பிடித்தார்கள். 1956 சூயஸ் நெருக்கடியில் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு வந்தபோது, அந்தப் படிப்பினையில் பிறந்தது மினி. 1959 இல் வந்த அந்தக் காரின் நீளம் வெறும் 3 மீற்றர்தான். நாங்களும் பங்கீட்டைப் பார்த்தோம், பட்டோம். மூன்று வருடம் கழித்து இறக்குமதி திறந்ததும் பெரிய ஜீப்புகளுக்கு முன்பதிவு செய்கிறோம்.

காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் மாலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் உடைந்த வடிகான் மூடி, நடுவில் டியூஷன் முடிந்து புத்தகப் பையோடு வரும் பிள்ளைகள். இரண்டு வேகன் ஆர் எதிரெதிரே வந்தால் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு ஒன்றையொன்று கடந்துவிடும். அதில் ஒன்று பெரிய ஜீப்பாக இருந்தால் யாராவது ஒருவர் காலி வீதி வரை பின்னுக்குப் போகவேண்டும். பின்னால் நிற்கும் முச்சக்கரவண்டிகள் முழுவதும் அவரோடு சேர்ந்து பின்னுக்குப் போகவேண்டும். பத்து மாடி அடுக்குமனை கட்டியவர்கள் தரிப்பிடத்தைக் கணக்காகத்தான் வெட்டியிருக்கிறார்கள். ஒருவர் பெரிய வாகனம் வாங்கினால் பக்கத்தில் நிறுத்துபவரால் கதவைத் திறக்க முடிவதில்லை.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. வேகன் ஆரின் இருக்கை அவருடைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது, கூரையும் உயரம். குனியாமல், ஏறாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்து வீட்டு ஜீப்பில் அந்த வீட்டுப் பாட்டியை ஏற்ற ஒரு பிளாஸ்டிக் முக்காலி எப்போதும் டிக்கிக்குள் இருக்கும். கோயிலுக்குப் போனால் முக்காலியை இறக்குவார்கள், திரும்பும்போது மறுபடி இறக்குவார்கள். வசதி என்று எதைச் சொல்கிறோம் என்பதை இதிலிருந்து யோசிக்கவேண்டும்.

“பாதுகாப்பு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பூசி மெழுக மாட்டேன். 2023 இல் குளோபல் என்கெப் அமைப்பு மோதவிட்டுச் சோதித்த இந்தியத் தயாரிப்பு வேகன் ஆருக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. சின்னக் கார் செய்கிறவர்களிடம் இன்னும் உறுதியான உடல் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு, கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரிய வாகனத்தின் பாதுகாப்பு உள்ளே இருப்பவருக்கு மட்டும். அமெரிக்காவில் 2009 இல் 4,100 அளவில் இருந்த பாதசாரி மரணங்கள் 2022 இல் 7,500 ஐத் தாண்டின. அதற்குப் பல காரணங்கள் உண்டு, வாகன உயரம் அவற்றில் ஒன்று. முன்பக்க பொனற் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, பொனற் தாழ்ந்து சரிந்த வாகனங்களைவிட ஏறத்தாழ 45 வீதம் கூடுதல் என்று அங்குள்ள காப்புறுதி நிறுவனங்களின் வீதிப் பாதுகாப்பு ஆய்வகமே 2023 இல் சொன்னது. எங்கள் ஒழுங்கைகளில் நடைபாதையே இல்லை. அந்த உயரத்துக்கு முன்னால் நடப்பது எங்கள் பிள்ளைகள்.

சி.சி. வரி இனிமேல் எங்களைக் காக்காது என்பதையும் கவனிக்கவேண்டும். சின்ன இயந்திரத்தில் டர்போ பொருத்திப் பெரிய உடலை ஓட்டும் நுட்பம் வந்துவிட்டது. மின்சாரக் காருக்குச் சி.சி.யே கிடையாது, மோட்டாரின் கிலோவாற் அளவைப் பார்த்து வரி. இப்போது எங்கும் காணப்படும் பி.வை.டி. அட்டோ 3 ஏறத்தாழ 4.45 மீற்றர் நீளம், 1.87 மீற்றர் அகலம். புகை இல்லை என்பது பெரிய நன்மை. ஆனால் ஒழுங்கையில் பிடிக்கும் இடம் பிடிப்பதுதானே?

ஆகவே நீளத்தையும் எடையையும் அளந்து கட்டணம் வாங்கும் முறை இங்கே வரவேண்டும். பாரிஸ் 2024 பெப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்து, வெளியிலிருந்து வரும் 1.6 தொன்னுக்கு மேற்பட்ட பெற்றோல், டீசல் வாகனங்களுக்கு நகர மையத்தில் தரிப்பிடக் கட்டணத்தை மணிக்கு 18 யூரோ ஆக்கியது. வாக்களித்தவர்கள் மிகக் குறைவு, அதில் 54 வீதத்துக்குச் சற்று மேல் ஆதரவு. அவ்வளவுதான், ஆனாலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. கொழும்பு மாநகர சபை வீதியோரத் தரிப்பிடங்களுக்கு ஏற்கெனவே கட்டணம் வாங்குகிறது. 3.6 மீற்றருக்குக் குறைந்த காருக்குப் பாதிக் கட்டணம், 4.4 மீற்றருக்கு மேற்பட்டதற்கு இரட்டிப்பு என்று வைப்பதற்குப் பெரிய இயந்திரமோ புதிய திணைக்களமோ தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கும் பள்ளிக்கூட வான்களுக்கும் விலக்குக் கொடுக்கலாம்.

இதை ஒரு பக்கக் கோரிக்கையாகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, எங்கள் வட்டார மாநகர சபை உறுப்பினரிடம் அடுத்த கிழமை கையளிக்கப்போகிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்பவர்கள் கையெழுத்திட விரும்பினால் கீழே பெயரையும் வட்டாரத்தையும் குறிப்பிடுங்கள். 3.6 என்ற எல்லை சரியில்லை என்று நினைப்பவர்கள் தங்கள் எண்ணைச் சொல்லுங்கள், திருத்திக்கொண்டுதான் போவேன்.