மூணாம் வருசம் வரைக்கும் நோயாளியையே பார்க்க மாட்டாங்களா?

அண்ணா, உங்க பதிவுல ஒரு திருத்தமுங்க. ‘எம்பிபிஎஸ்ல முதல் ரெண்டு வருசம் வெறும் புத்தகம்தான், மைக்ரோபயாலஜி சும்மா மனப்பாடம், மூணாம் வருசம்தான் வார்டுக்குள்ளயே விடுவாங்க’ன்னு போட்டிருக்கீங்க. அப்படி இல்லீங்க. பழைய பாடத்திட்டத்துலயே ரெண்டாம் வருசம் வார்டு போஸ்டிங் உண்டு. 2019ல வந்த புதுத் திட்டத்துல முதல் வருசமே ஆஸ்பத்திரியைக் காட்டிடறாங்க. பிபி பார்க்கப் பழகறது மட்டும் பக்கத்து பெஞ்ச்காரன் கையிலதான்!

கிருமிகளைப் பத்திப் படிக்கற மைக்ரோபயாலஜி மனப்பாடமா? கிருமிக்குச் சாயம் ஏத்தி மைக்ரோஸ்கோப்புல பார்க்கற கிராம் ஸ்டெயின் ஒண்ணு போட்டுப் பாருங்க. கிரிஸ்டல் வயலட், அயோடின், அப்புறம் ஆல்கஹால், கடைசியா சாஃப்ரனின். ஆல்கஹாலை நாலு நொடி அதிகம் விட்டாப் போச்சு, ஊதாவா நிக்க வேண்டிய ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா ரோஸாத் தெரியும். எனக்கு மாடல் எக்ஸாம்ல விரலெல்லாம் ஊதா, ஸ்லைடு மட்டும் ரோஸ்.

நம்ம ஈரோடு பக்கம் பெருந்துறை சானடோரியம் டிபிக்காக (காசநோய்) வந்த ஆஸ்பத்திரிதானுங்க; இப்ப அங்கதான் மெடிக்கல் காலேஜ். சளியில டிபி கிருமியைத் தேடற ஜீல்-நீல்சன் சாயமும் இதே ரெண்டாம் வருச லேப்லதான் கத்துக்கறது. கை கழுவற முறை, மாஸ்க், கவுன் போட்டுக் கழட்டற வரிசை எல்லாமும் மைக்ரோபயாலஜியிலதான்.

படிக்கற பசங்களைத் தனியா வைத்தியம் பார்க்க விட மாட்டாங்கன்னு அதே பதிவுல நீங்க சொன்னது மட்டும் சரிங்க.