ஏமி வைன்ஹவுஸ் சாவு: போதை ஊசியும் இல்லை, 27 வயசு சாபமும் இல்லை

பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 27 வயதில் இறந்ததைப் பற்றி ஒருவர், "ஹெராயின் ஓவர்டோஸ்லதான் செத்தாங்க, 27 வயசு சாபம் வேற" என்று பதிவு எழுதியிருந்தார். ஹெராயின் கதையும், புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் 27 வயதில் இறப்பார்கள் என்ற சாபக் கதையும் இரண்டுமே தப்பு. 2011 ஜூலை 23 அன்று லண்டன் கேம்டன் வீட்டில் இறந்தவரின் உடலில் சட்டவிரோத போதைப்பொருள் எதுவும் இல்லை. இருந்தது மது. 100 மில்லி ரத்தத்தில் 416 மில்லிகிராம். அங்கே வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 80. 350 தொட்டாலே உயிருக்கு ஆபத்து என்று விசாரணையில் சொன்னார்கள். அறையில் காலி வோட்கா பாட்டில்கள் மூன்று. இந்த அளவுக்கு ஏறினால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதியே மந்தமாகி, தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். ஜூலையில் கொஞ்ச நாள் குடிக்காமல் இருந்துவிட்டுத்தான் திரும்பத் தொடங்கியிருந்தார். நிறுத்தியவர்களுக்கு உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவையே குடித்தால் தாங்காது. பலருக்கும் தெரியாத இடம் இதுதான்.

முதல் விசாரணை அதிகாரிக்கு உரிய தகுதி இல்லை என்று தெரிந்து, 2013 ஜனவரியில் மறுபடி விசாரித்தார்கள். "மறைத்துவிட்டார்கள்" என்ற பேச்சுக்கு அந்தக் குளறுபடியும் தீனி போட்டிருக்கலாம். ஆனால் முடிவு மாறவில்லை: வேண்டுமென்றே செய்ததல்ல, தற்செயல் மரணம்.

27 கதைக்கு: பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பம் போட்ட 1,046 இசைக்கலைஞர்களை எடுத்து 2011-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆய்வு வந்தது. 27-ல் இறந்தவர்கள் மூன்றே பேர். இருபதுகளிலும் முப்பதுகளிலும் பொதுவாகவே புகழ்பெற்ற இசைக்கலைஞர்களுக்கு ஆபத்து கூடுதல், அவ்வளவுதான். வீட்டு வாசலில் ரசிகர்கள் பூவோடு சேர்த்து வோட்கா பாட்டிலும் சிகரெட்டும் வைத்தார்கள் என்பது மட்டும் நிஜம். அந்தப் பதிவில் சரியாக இருந்தது இந்த ஒரு வரிதான்.