மொத்த விலைக் குறியீட்டில் லாரி வாடகை கிடையாது

"மொத்த விலைக் குறியீடு இறங்கிவிட்டது, அப்படியும் செவ்வாய்ப்பேட்டையில் லாரி வாடகையும் ஆடிட்டர் கட்டணமும் ஏறுகிறதென்றால் ஏமாற்று வேலைதான்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். வாடகை நியாயமா என்பது வேறு பேச்சு. அந்தக் குறியீடு மொத்த வியாபாரத்தில் பொருள்களின் விலை ஏறி இறங்குவதை அளப்பது, அதை வைத்து வாடகையைப் பற்றிச் சொல்ல முடியாது. 2011-12-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட, அதாவது அந்த ஆண்டு விலையோடு ஒப்பிடும், குறியீட்டு வரிசையில் 697 பொருள்கள் உண்டு. சேவை ஒன்றுகூட இல்லை. டீசல் இருக்கிறது, லாரி வாடகை இல்லை.

சரி, நுகர்வோர் குறியீட்டில் சேவைகள் உண்டே என்பீர்கள். அது வீட்டுச் செலவு: பஸ் டிக்கெட், பள்ளிக் கட்டணம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கட்டும் செக்யூரிட்டி, விளம்பரச் செலவெல்லாம் அதில் வராது. ஜப்பானில் மத்திய வங்கியே இதற்கென்று தனிக் குறியீட்டை மாதாமாதம் வெளியிடுகிறது.

இப்படிச் சேவைகளின் விலையை அளப்பதும் லேசில்லை. பில் தொகையைப் பார்த்தால் போதாது. சங்ககிரியிலிருந்து பெங்களூருக்கு, அதே எடை, அதே வண்டி, இந்த மாதம் என்ன வாடகை என்று கேட்க வேண்டும். போன மாதம் பெங்களூரு, இந்த மாதம் புனே என்றால் பில் ஏறத்தான் செய்யும். அது விலையேற்றம் இல்லை. ஆடிட்டர் விஷயம் இன்னும் சிக்கல். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் அவர் செய்யும் வேலையே மாறிவிட்டது, பழைய கட்டணத்தை எதோடு ஒப்பிடுவது?