வாக்களிக்கச் சொன்னீர்கள், அவர்களும் வாக்களித்தார்கள்

சனிக்கிழமை விழாவில் நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை. அறக்கட்டளையின் நல்கை, அதாவது தொண்டு நிறுவனத்துக்குத் தரும் நிதியுதவி, யாருக்கு, எதற்குப் போக வேண்டும் என்பது மாணவர்களின் முடிவு என்று அறிவித்திருந்தீர்கள். மாணவர்கள் ஒரு முடிவை எடுத்தார்கள். மேடையில் வேறொரு முடிவு அறிவிக்கப்பட்டது. மூன்று நாட்களாகியும் என்னால் இதைக் கடந்துபோக முடியவில்லை.

அந்தப் பிள்ளைகள் நான்கு மாதங்கள் உழைத்தார்கள். விண்ணப்பங்களைப் படித்தார்கள், வரவு செலவுக் கணக்குகளைக் கேட்டு வாங்கினார்கள், நேரில் சென்று பார்த்தார்கள். பள்ளியை விட்டு நின்றுபோன, வீட்டில் இருக்க முடியாமல் தெருவில் பொழுதைக் கழிக்கும் இளையோருக்காக நடக்கும் மாலை நேர மையத்தைத் தேர்ந்தெடுத்து, நல்கை முழுவதும் அங்குள்ள களப்பணியாளரின் ஊதியத்துக்கே போக வேண்டும் என்று வாக்களித்தார்கள். மேடையிலோ, அதே மையத்துக்குக் கொடையாளர் பெயர் பொறித்த கணினிகள் வழங்கப்படும் என்றார்கள்.

“பணம் அதே நிறுவனத்துக்குத்தானே போகிறது, இதில் என்ன குறை?” என்று சிலர் கேட்கிறார்கள். குறை இதுதான்: முடிவு மாணவர்களுடையது என்று சொன்னீர்கள், அது அவர்களுடையதாக இருக்கவில்லை. யாருக்கு என்பது பாதி முடிவு, எதற்கு என்பது மறுபாதி. கடினமான பாதி இரண்டாவதுதான். அதைத்தான் அவர்கள் ஆழ்ந்து யோசித்திருந்தார்கள்.

அவர்கள் வயது வராதவர்கள், சட்டப் பொறுப்பு பெரியவர்களுக்கே என்பது அடுத்த வாதம். காசோலையில் பெரியவர்கள்தான் கையெழுத்திட வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் கையெழுத்திடுவது வேறு, முடிவை மாற்றுவது வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1998-லேயே 16, 17 வயதினர் இலாப நோக்கற்ற நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் இடம்பெறச் சட்டத்தில் வழி செய்தது. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் மாணவர் குழுக்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களை ஆராய்ந்து வாதாடி, வெல்லும் குழு தன் நிறுவனத்துக்கு 3,000 பவுண்டு பெற்றுத் தரும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, பிள்ளைகளின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தர வேண்டும் என்கிறது. இறுதி முடிவையே அவர்களிடம் விட வேண்டும் என்று அது சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் முடிவை அவர்களிடம் விட்டதாக அறிவித்தவர்கள் நீங்கள்.

கொடையாளர்கள் கண்ணால் காணக்கூடிய பொருளையே விரும்புவார்கள் என்கிறார்கள். இந்த வாதத்துக்கு அமைதியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை, ஏனென்றால் நான் விண்ணப்பத்தின் மறுபக்கத்தில் இருந்தவன். 16 வயதில் பள்ளிக்குப் போவதை நிறுத்தினேன். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஓர் அண்ணன் செவ்வாய்க்கிழமைதோறும் வீட்டுக்கு வருவார். முதல் சில வாரங்கள் நான் கதவையே திறக்கவில்லை. அவர் படியில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, “அடுத்த செவ்வாய் வருகிறேன்” என்று சன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார், சொன்னபடியே வருவார். ஏழாவது வாரம் நான் அவருடன் கிளம்பினேன். அடுத்த ஆண்டு திட்ட நிதி முடிந்தது, அவருடைய வேலையும் முடிந்தது. அவர் இருந்த அறைக்குப் புதிய நாற்காலிகள் வந்தன, கொடையாளர் பெயருடன். என்னுடன் வந்துகொண்டிருந்த இருவர் அதன்பின் அந்த அறைக்கு வரவே இல்லை.

அந்த அண்ணனின் ஊதியத்தைத்தான் நிர்வாகச் செலவு என்று எழுதி ஒதுக்குகிறார்கள். கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வராத பிள்ளையைத் தேடிப்போய் அழைத்துவர ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதந்தோறும் சம்பளம் வேண்டும். அனுபவமுள்ள பெரியவர்கள் எத்தனையோ பேர் பார்க்கத் தவறியதை இந்தப் பிள்ளைகள் நான்கு மாதங்களில் கண்டுகொண்டார்கள். அதற்கு நாம் கொடுத்த மரியாதை, மேடையில் கைதட்டச் சொல்லி அவர்களை நிற்கவைத்ததுதான்.

நான் யாரையும் கெட்டவர் என்று சொல்லவில்லை. அறங்காவலர்கள் நல்ல எண்ணத்தோடு செய்திருக்கலாம். ஆனாலும் மாற்ற வேண்டும் என்று தோன்றியிருந்தால், விழாவுக்கு முன் மாணவர்களை அழைத்துக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அவர்கள் மறுத்துப் பேசியிருப்பார்கள், அந்த வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

பணம் இன்னும் கைமாறவில்லை என்று கேள்விப்படுகிறேன். அப்படியானால் அடுத்த கூட்டத்துக்கு அந்த மாணவர்களை அழையுங்கள். அவர்கள் எழுதிய பரிந்துரையை அவர்கள் முன்னிலையிலேயே முழுமையாகப் படியுங்கள். ஊதியத்துக்கான நல்கையை மறுப்பதாக இருந்தால், அதற்கான காரணத்தையும் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.