அது ஜாம்பி இல்லை, முயல்

அந்த வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. எந்த வீடியோ என்று நம் மெல்பர்ன் குழுவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடைக்கரை நடைபாதையில் ஒரு முயல். கண் இரண்டும் வீங்கி மூடி, சீழ் வழிந்து, காதடி தடித்துப்போய், ஆள் வருவதுகூடத் தெரியாமல் காலில் வந்து முட்டுகிறது. பின்னணியில் பேய்ப்பட இசை. "ஜாம்பி முயல், மனிதனுக்கும் தொற்றும், ஜாக்கிரதை மக்களே!" என்று தலைப்பு. இருநூற்றுச் சொச்சம் சிரிப்பு முகங்கள்.

சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். தெரியாமல் சிரிப்பது மனித இயல்பு. என்னைக் கிளறியது அதன் கீழே நம் அண்ணன் ஒருவர் போட்ட கமெண்ட். "இயற்கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. கொசு கடிக்குது, முயல் சாகுது. இதில் நமக்கென்ன?" நான் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதினேன். "தங்கச்சி ரொம்ப சென்டிமென்ட்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்கு எண்பது லைக்.

சரி அண்ணா. சென்டிமென்டை ஓரமாக வைக்கிறேன். உங்கள் இயற்கையைப் பற்றியே பேசுவோம்.

அந்த முயலுக்கு வந்திருப்பது மிக்ஸோமடோசிஸ். இங்கே எல்லோரும் மிக்ஸோ என்பார்கள். காரணம், பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே இருக்கும் காட்டு முயலுக்கு இது வந்தால் தோலில் ஒரு கட்டி வரும், அவ்வளவுதான். கொசுவும் அந்த முயலும் இந்த வைரஸும் யாருக்கும் தொந்தரவில்லாமல் காலங்காலமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. இயற்கை என்று சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லுங்கள். 1896-ல் உருகுவே நாட்டின் மொன்டவிடியோவில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஐரோப்பிய முயல்கள் கொத்தாகச் செத்தபோதுதான், வேறு இன முயலுக்கு இது எமன் என்று தெரிந்தது.

தெரிந்ததும் மனிதன் என்ன செய்தான்? அதைக் கொண்டுவந்து ஆஸ்திரேலியாவில் விட்டான். சும்மா ஒருமுறை கை தவறி விழுந்ததும் இல்லை. 1930களின் கடைசியில் தென் ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவிலும் வறண்ட பகுதிகளிலும் முயன்று பார்த்தார்கள், பரவவில்லை. கடத்திக்கொண்டு போகப் போதுமான பூச்சி அங்கே இல்லை. 1950-ல் மறுபடி, இந்தமுறை மரே ஆற்றுப் பக்கம். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை, தோற்றுவிட்டோம் என்றே நினைத்தார்கள். டிசம்பரில் மழைக்குப் பிறகு கொசு கிளம்பியது. அதற்கப்புறம் ஆற்றோரமாக நூற்றுக்கணக்கான மைல்களுக்கு முயல்கள் செத்து விழுந்தன. ஆரம்பத்தில் நோய் வந்த முயல்களில் 99 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கவில்லை.

கொசு எட்டாத வறண்ட இடங்கள் மிச்சமிருந்தனவே, அவற்றுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஐரோப்பாவிலிருந்து முயல் தெள்ளுப்பூச்சியை வரவழைத்து 1960களில் பரப்பினார்கள். அதுவும் போதாமல் 1993-ல் வறட்சி தாங்கும் ஸ்பெயின் தெள்ளுப்பூச்சி. அதாவது வைரஸையும் நாமே கொண்டுவந்தோம், அதைச் சுமக்கும் பூச்சியையும் நாமே கொண்டுவந்தோம். ஏன், முயலையும் நாம்தான் கொண்டுவந்தோம். 1859-ல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டையாடிப் பொழுதுபோக்க இங்கிலாந்திலிருந்து வரவழைத்து அவிழ்த்துவிட்டவை. இந்தக் கதையில் உங்கள் இயற்கை எந்தப் பக்கத்தில் வருகிறது அண்ணா? நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

கொசு இதில் ஊசி மட்டும்தான். நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, ஆராய்ச்சியாளர்களே அதைப் "பறக்கும் ஊசி" என்றுதான் சொன்னார்கள். மலேரியாக் கிருமி போல இந்த வைரஸ் கொசுவின் உடம்புக்குள் பெருகுவதில்லை. நோயுள்ள முயலின் தோல் கட்டியில் கொசு குத்தும்போது வாய் உறுப்பில் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த முயலைக் குத்தும்போது இறங்குகிறது. ஊசியைக் குறை சொல்லி என்ன பயன்? குத்தியவன் கையைப் பாருங்கள்.

"மனிதனுக்கும் தொற்றும்" என்ற புரளிக்கு ஒரு பத்தி போதும். 1951-ல் மரே பள்ளத்தாக்கில் மூளைக்காய்ச்சல் பரவியபோது இதே பயம் வந்தது, முயல் வைரஸ்தான் காரணம் என்று ஊரே பேசியது. பர்னெட், ஃபென்னர், குளூனிஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுபது வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன விஷயம். நம் குழுவுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்குள் சிலர் பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். "முயல் இந்த நாட்டையே மொட்டையடித்தது தெரியுமா?" தெரியும். அறுபது கோடி முயல் இருந்ததாகச் சொல்கிறார்கள். புல், நாற்று, மரக்கன்று எல்லாம் போயிற்று. பில்பி மாதிரி இந்த மண்ணுக்கே உரிய சின்னப் பிராணிகள் ஒதுங்க இடமில்லாமல் அழிந்துவந்தன. விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. முயலைக் கட்டுப்படுத்தவே கூடாது என்று நான் எங்கேயாவது சொன்னேனா? பதிவை மறுபடி படியுங்கள். நாம் செய்ததை நாம் செய்தோம் என்று சொல்லுங்கள் என்கிறேன். அது அவ்வளவு கஷ்டமா?

"கோழி சாப்பிடுகிறாயே" என்று உள்பெட்டியில் வந்து கேட்ட தம்பிக்கு: ஆமாம், சாப்பிடுகிறேன். கோழியைக் கண் குருடாக்கி இரண்டு வாரம் ஓடையோரம் அலையவிட்டுச் சாப்பிடுவதில்லை.

பிரான்ஸ் கதை இன்னும் அழகு. 1952-ல் அர்மான் தெலீல் என்ற மருத்துவர், மதில் சூழ்ந்த தன் எஸ்டேட்டில் முயல் தொல்லை என்று இரண்டே முயல்களுக்கு இந்த வைரஸைப் போட்டுவிட்டார். மதில் இருக்கிறதே, வெளியே போகாதாம். கொசு வந்து மதிலிடம் அனுமதி கேட்குமா? அடுத்த வருடமே இங்கிலாந்தின் கென்ட் வரை போய்விட்டது. 1955-ல் அவருக்கு 5,000 பிராங்க் அபராதம். 1956-ல் அதே மனிதருக்கு அதே காரியத்துக்காகத் தங்கப் பதக்கம்! பிரிட்டனில் சில பண்ணைக்காரர்கள் நோயுள்ள முயலைப் பிடித்துப்போய்த் தங்கள் வயலில் விட்டார்கள். 1954-ல் அதைத் தடுக்கச் சட்டமே போட வேண்டியதாயிற்று. முயல் போனதும் மேய்ச்சல் இல்லாமல் புல் வளர்ந்தது. புல் வளர்ந்ததால் தரை குளிர்ந்து ஒருவகைச் சிவப்பு எறும்பு குறைந்தது. அந்த எறும்புப் புற்றில் புழுவாக வளரும் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி 1979-ல் பிரிட்டனிலிருந்தே மறைந்துபோனது. இயற்கை தன் வேலையை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது.

இப்போது "முன்னைப்போல் இல்லை, வைரஸ் வீரியம் குறைந்துவிட்டது" என்று ஆறுதல் சொன்ன அக்காவுக்கு. அக்கா, அது குறைந்த விதத்தைக் கேளுங்கள். பத்து நாளில் செத்துவிடும் முயலைக் கடிக்கக் கொசுவுக்கு அதிக நேரம் கிடைப்பதில்லை. கட்டியும் சீழுமாக மூன்று நாலு வாரம் உயிரோடு கிடக்கும் முயல்தான் வைரஸுக்கு லாபம். அதனால் மெதுவாகக் கொல்லும் வகைகளே நிலைத்தன. முயலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்புச் சக்தி வந்தது, உண்மைதான். ஆனால் சாகிற முயலுக்கு வீரியக் குறைவு என்றால் கூடுதல் நாட்கள் என்று அர்த்தம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பஞ்சுவால் தெரியும்.

போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு முயல் இருந்தது. சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மகள்தான் பஞ்சு என்று பெயர் வைத்தாள். பின்கட்டில் கூண்டு, சுற்றிலும் கம்பி வலை. நரி வராது, பூனை வராது என்று பெருமையாக இருந்தேன். கொசு வரும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. கூண்டுக்கு நாலடி தள்ளித் தொட்டிச் செடிகள், அடியில் தண்ணீர் தேங்கிய தட்டுகள். அதை நான்தான் வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு கண்ணில் மட்டும் நீர். வைக்கோல் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். வியாழன் அன்று இரண்டு இமையும் தடித்து ஒட்டிக்கொண்டன. காதடியில் பட்டாணி பட்டாணியாகக் கட்டி. மகள் கொத்தமல்லித் தழையை நீட்டினாள். பஞ்சுவுக்குத் தெரியவில்லை. மூக்கை மட்டும் ஆட்டி ஆட்டி வாசனை பிடித்து, இரண்டு தடவை தவறி அவள் விரலைத் தொட்டு, அப்புறம் தழையைக் கண்டுபிடித்து முழுவதையும் சாப்பிட்டது. பசி இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

கால்நடை மருத்துவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். தடுப்பூசி போட்டோமே என்றேன். அது காலிசி என்ற இன்னொரு முயல் வைரஸுக்கு, இது வேறு என்றார். மிக்ஸோவுக்கு பிரிட்டனில் தடுப்பூசி உண்டு, இந்த நாட்டில் அனுமதி இல்லை. தடுப்பூசியில் இருக்கும் உயிருள்ள வைரஸ் காட்டு முயலுக்குப் போய் அவற்றுக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடக் கூடாது என்பது காரணம். காரணம் புரிகிறது. புரிந்த பிறகும், வலியில்லாமல் சாக ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று கையெழுத்துப் போட்டவள் நான். பக்கத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. (குயின்ஸ்லாந்தில் முயல் வளர்ப்பதே சட்டவிரோதம், அங்கே இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். நன்றி.)

"அப்போ இது உன் சொந்தக் கதை, அதான் நீ பிடித்த முயலுக்கு மூணே கால்" என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். சொந்தக் கதை இல்லாமல் யாருக்கு எது உறைத்திருக்கிறது? அந்த வீடியோவை என் மகளும் பார்த்தாள். என் போனில்தான். பேய் இசையைக் கேட்டு ஓடிவந்தாள், பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, போய்விட்டாள். வீடியோ போட்டவரை நான் எதுவும் சொல்லவில்லை. அந்த இசையையாவது எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டேன். நேற்று இரவு வரை எடுக்கவில்லை.

கமெண்ட் பகுதியைத் திறந்தே வைத்திருக்கிறேன். திட்ட வேண்டியவர்கள் தாராளமாகத் திட்டலாம். முயல் வறுவல் செய்முறை மட்டும் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே மூன்று வந்துவிட்டன.