கறுப்பினக் கடைகளுக்கான மானியத்துக்கு உச்ச நீதிமன்றம் தடையா?

"அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் கடைகளுக்கு இனி மானியமே கிடையாது, உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம், குறைந்தது 51 சதவீதம் கறுப்பினப் பெண்களுக்குச் சொந்தமான சிறுதொழில்களுக்கு மட்டும் போட்டி வைத்து, தலா 20,000 டாலர் வழங்கிவந்தது. இதை எதிர்த்து 2023-இல் வழக்கு. 2024 ஜூன் 3-இல் அந்தப் போட்டிக்கு இடைக்காலத் தடை விதித்தது மேல்முறையீட்டு நீதிமன்றம். அதுவும் இரண்டுக்கு ஒன்று என்ற பிளவுபட்ட தீர்ப்பு. செப்டம்பரில் இரு தரப்பும் சமரசமாகி, போட்டி கைவிடப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றப் படியேறவே இல்லை.

தடைக்கு ஆதாரமானது 1866-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை பெற வேண்டும் என்று வந்த சட்டம் அது. ஒப்பந்தத்தில் இனப் பாகுபாடு கூடாது என்கிறது; இந்தப் போட்டியையும் ஓர் ஒப்பந்தமாகவே நீதிமன்றம் பார்த்தது. அதை வைத்தே இந்த உதவியை நிறுத்தியது எனக்கு வேதனைதான்.

ஆனாலும் தீர்ப்பு தொட்டது பிற இனத்தவரை முழுதும் ஒதுக்கித் தகுதி வரையறுத்த ஒரு போட்டியை. முன்னுதாரணமாக அது கட்டுப்படுத்துவது அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வரும் ஜார்ஜியா, புளோரிடா, அலபாமா மாநிலங்களில் உள்ள கூட்டாட்சி (மத்திய) நீதிமன்றங்களை. நகர மையத்தில் காலிக் கடையை வாடகைக்கு எடுப்பவருக்கும், முகப்பைச் சீரமைப்பவருக்கும் இனம் பாராமல் தரும் உள்ளூர் மானியங்களுக்குக் கறுப்பின உரிமையாளர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். வதந்தியை நம்பி யாரும் கடைசித் தேதியைத் தவறவிட வேண்டாம்.