காசு எங்களுடையது, பேனரில் முகம் யாருடையது?

ஆடித் தள்ளுபடி பேனரைக் கழற்றிய கம்பத்திலேயே தீபாவளி பேனர் ஏறிவிட்டது. தி.நகர் உஸ்மான் ரோடு, மதுரை தெற்காவணி மூல வீதி, கோவை ஒப்பணக்கார வீதி என்று எங்கே வேண்டுமானாலும் போய் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணத்தோடு வெள்ளை வெளேரென்று ஒரு கல்யாணப் பெண் நிற்பாள். யார் வீட்டுப் பெண் அவள்? கீழே கடைக்குள் முண்டியடிக்கும் கூட்டத்தில் அந்த நிறத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மாதாமாதம் நகைச்சீட்டுக்குப் பணம் கட்டும் டீச்சரும், பனியன் கம்பெனிக்குப் போகிற அக்காவும் அந்தப் பேனரில் ஒரு மூலையில்கூட இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கறுத்த முகமே விளம்பரத்தில் இல்லை என்று சொல்ல மாட்டேன். சிமென்ட் விளம்பரத்தில் கொத்தனாராக இருக்கிறது. உர விளம்பரத்தில் விவசாயியாக, வங்கி விளம்பரத்தில் கதவைத் திறந்துவிடும் வாட்ச்மேனாக, வலித் தைலத்தில் மூட்டை தூக்குகிறவராக இருக்கிறது. ஆனால் அதே சிமென்டில் கட்டிய வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோகிற குடும்பம் மட்டும் வெளுத்துப்போய் இருக்கும். கட்டுகிறவன் நம்மைப் போல இருக்கலாம், குடியிருக்கிறவன் நம்மைப் போல இருக்கக் கூடாது! இதை சீரியலுக்கு நடுவே தினமும் திருப்பித் திருப்பிப் போட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மனதில் என்ன பதியும்?

இதற்கு விதி இல்லாமல் இல்லை. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-ல் ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. கறுப்பாக இருப்பவர்களை அழகற்றவர்களாக, சோகமானவர்களாக, வேலைக்கும் கல்யாணத்துக்கும் தகுதி குறைந்தவர்களாகக் காட்டக் கூடாது. ஒரு நிறத்தைக் குறிப்பிட்ட வசதிப் படிநிலையோடோ சாதியோடோ தொழிலோடோ இனத்தோடோ முடிச்சுப் போடவும் கூடாது என்கிறது. அருமையான விதிதான். ஆனால் அது நிறத்தை வெளுப்பாக்குவதாகச் சொல்லும் பொருட்களின் விளம்பரத்துக்காக எழுதப்பட்டது. நகைக்கடை, ஜவுளிக்கடை, சிமென்ட், அடுக்குமாடி வீடு எதற்கும் அது பொருந்தாது. க்ரீம் கம்பெனியின் கையை மட்டும் பிடித்துவிட்டு மற்ற எல்லோரையும் விட்டுவிட்டார்கள்.

அந்த க்ரீமின் கதையும் தெரிந்ததுதான். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. அதன் ஒரு விளம்பரத்தில் மகன் இல்லையே என்று அப்பா புலம்புவார், மகள் க்ரீம் பூசி வெளுத்து, விமானப் பணிப்பெண்ணாகி வீட்டைக் காப்பாற்றுவாள். பெண்ணாகப் பிறந்தது ஒரு குறை, கறுப்பாகப் பிறந்தது இன்னொரு குறை, இரண்டுக்கும் ஒரே ட்யூப்! அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விடாமல் போராடி, 2003-ல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது. பெயரிலிருந்து 'ஃபேர்' போவதற்கு 2020 வரை ஆனது, அதுவும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்த பிறகு. இங்கே இத்தனை வருடம் நாம் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

மும்பையில் ஒரு தடவை எடுத்துவிட்டு எட்டு மொழியில் டப்பிங் பேசினால் செலவு மிச்சம் என்பார்கள். சோப்புக் கம்பெனி அப்படிச் சொன்னால் ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்ளலாம். வாய் ஒன்று பேச, காதில் வேறொன்று விழுவதை நாமும் பொறுத்துப் பழகிவிட்டோம். ஆனால் நம் ஊர்க் கடைக்காரர் ஏன் இதைச் செய்கிறார்? அவர் எடுப்பது தமிழ் விளம்பரம், படப்பிடிப்பு சென்னையில், பார்ப்பதும் வாங்குவதும் நாம். அதற்கு எங்கிருந்தோ மாடலை வரவழைத்து, தமிழே தெரியாத அந்தப் பெண்ணை "நம்ம ஊரு கல்யாணம்" என்று வாயசைக்க வைக்கிறாரே, இதில் எந்தச் செலவு மிச்சமாகிறது?

எஃப்.எம்.மில் முகம் தெரியாது என்பதால் அங்கே வேலையைக் குரல் செய்கிறது. நகை கேட்டு நச்சரிக்கும் மனைவி, பர்ஸைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடும் கணவன். அவளும் வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பாள் என்ற நினைப்பே எழுதியவருக்கு இல்லை. அப்புறம், வெள்ளந்தியாக ஏமாறுகிறவர் வந்தால் மதுரைப் பேச்சோ நெல்லைப் பேச்சோ பேசுவார். அவருக்கு புத்தி சொல்ல வருகிறவர் ஆங்கிலம் கலந்து பேசுவார். டிவியில் பாத்திரம் தேய்ப்பவள் பெண், எந்த சோப்பு நல்லது என்று அவளுக்குப் பாடம் எடுப்பவர் வெள்ளைக் கோட்டு போட்ட ஆண். வாழ்நாளெல்லாம் தேய்ப்பவளுக்குத் தெரியாததா அவருக்குத் தெரிந்துவிட்டது? ஒரு வேலை ஒரு பாலினத்துக்கு மட்டுமே உரியது என்று காட்டக் கூடாதென்று அதே விளம்பரத் தரக் கவுன்சில் 2022-ல் சொன்னது. சமையலறைப் பக்கம் அந்தச் சேதி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

இதெல்லாம் வெறும் விளம்பரம்தானே என்று தள்ளிவிட முடியாது. என் தங்கையின் கல்யாண ஆல்பத்தில் அவள் முகத்தை யாரும் கேட்காமலேயே வெளுப்பாக்கிக் கொடுத்தார்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாவின் நிறத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. "எல்லாரும் இப்படித்தான் கேட்கிறாங்க" என்று ஸ்டூடியோக்காரர் சாதாரணமாகச் சொன்னார். பேனரைப் பார்த்துப் பார்த்து, கல்யாணப் பெண் என்றாலே அந்த நிறம்தான் என்று அவர் கையும் பழகிவிட்டது.

வெளுத்த முகம் போட்டால்தான் சரக்கு போகும் என்பது அப்பட்டமான பொய். அதற்கு சாட்சி அந்தக் கடைக்குள்ளேயே இருக்கிறது. கவுன்டருக்குப் பின்னால் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கும் விற்பனைப் பெண்களைப் பாருங்கள். உட்கார ஒரு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது அவர்களுக்காகத்தான். புடவையைப் பிரித்து, தன் தோளில் போட்டு, முந்தானையை விரித்து நமக்குக் காட்டுவது அவர்கள்தான். அந்த மாநிறத் தோளில், அந்தக் கறுத்த கையில் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் நாம் பில் போடுகிறோம். முதலாளிகளே, உங்கள் சரக்கை விற்றுத்தரும் அந்த முகத்தை இந்தத் தீபாவளிக்காவது பேனரில் போடுங்கள். அதற்கும் மாடலுக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தைக் கொடுங்கள்.